29 நிமிடம் மூச்சடக்கியது மெய்யா? மூச்சைப் பற்றிய கூற்றுகளை உரசிப் பார்க்கும் இழை

வாசகர் கேள்வி: குரோவேஷியாவைச் சேர்ந்த விட்டோமிர் மரிச்சிச் என்பவர் 2025 ஜூன் மாதம் 29 நிமிடம் 3 விநாடி தண்ணீருக்குள் மூச்சடக்கிக் கிடந்தார் என்று செய்தியில் படித்தேன். மூளைக்கு 4 நிமிடம் ஆக்சிஜன் கிடைக்காவிட்டால் அது சாகத் தொடங்கிவிடும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்தார்கள். இவற்றில் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?

3 நவம்பர் 2025, இரவு

இரண்டும் மெய்தான். பள்ளியில் சொல்லப்படும் நான்கு நிமிடக் கணக்கு, மூளைக்குப் போகும் இரத்த ஓட்டம் நின்றுபோன நேரத்தைக் குறிப்பது. இதயம் நின்றுவிட்ட ஒருவருக்கு உடனே மார்பு அழுத்தம் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்துவதற்காக அந்தக் கணக்கு சொல்லப்படுகிறது. மூச்சை அடக்கிக்கொண்டிருப்பவருக்கு இதயம் நிற்பதில்லை. நுரையீரலில் தங்கிய காற்றிலிருந்தும் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆக்சிஜனிலிருந்தும் மூளைக்கு வேண்டியது தொடர்ந்து போய்க்கொண்டேயிருக்கிறது.

இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1943ஆம் ஆண்டு அமெரிக்காவில் ரோசன் என்பவரும் அவருடைய சகாக்களும் மனிதர்களின் கழுத்தில் காற்றுப்பட்டையை இறுக்கி மூளைக்குப் போகும் இரத்தத்தைத் திடீரென்று நிறுத்திப் பார்த்தார்கள். பெரும்பாலோர் ஆறேழு விநாடிகளில் நினைவிழந்தார்கள். அதே மனிதர்கள் மூச்சை மட்டும் அடக்கியிருந்தால் ஒரு நிமிடம் கழிந்த பின்பும் நம்மோடு கண்ணால் சாடை பேசிக்கொண்டிருப்பார்கள். ஓட்டம் நிற்பதும் மூச்சு நிற்பதும் உடலுக்கு வெவ்வேறு நிகழ்ச்சிகள். உடலின் ஆற்றலைப் பற்றிய பல பொய்கள் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதிலிருந்தே பிறக்கின்றன என்பது உயிரியல் ஆசிரியையாக நான் வகுப்பில் திரும்பத் திரும்பக் கண்டது.

4 நவம்பர், காலை

செய்தியில் ஒரு வரி பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அந்த 29 நிமிடச் சாதனை தூய ஆக்சிஜனைச் சுவாசித்துவிட்டுச் செய்யப்பட்டது. சாதாரணக் காற்றை மட்டும் இழுத்துக்கொண்டு அசையாமல் கிடந்த வகையில், பிரான்சின் ஸ்டெஃபான் மிஃப்சூத் 2009ஆம் ஆண்டு எட்டிய 11 நிமிடம் 35 விநாடிதான் பெயர்பெற்ற எல்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் வைப்பது சரியன்று.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இது மாயமில்லை என்று விளங்கும். நன்றாக நிரம்பிய நுரையீரலில் சுமார் 6 லிட்டர் காற்று இருக்கும். அதில் ஆக்சிஜன் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. இரத்தத்தில் ஏறக்குறைய அதே அளவு, தசைகளில் இன்னும் கொஞ்சம், ஆக மொத்தம் 2 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். ஓய்வாக இருக்கும் உடல் நிமிடத்துக்குக் கால் லிட்டர் செலவழிக்கும். முழுவதும் தீர எட்டு நிமிடம் ஆகலாம் என்றாலும் அதற்கு வெகு முன்பே நினைவு தப்பிவிடும். நுரையீரலில் உள்ள நைட்ரஜனை எல்லாம் வெளியேற்றிவிட்டு அந்த 6 லிட்டர் இடத்தையும் ஆக்சிஜனால் நிரப்பினால், நுரையீரலின் இருப்பு மட்டுமே 24 நிமிடத்துக்கு வரும். 2021ஆம் ஆண்டு புடிமிர் ஷோபாட் இதே முறையில் எட்டியது 24 நிமிடம் 37 விநாடி. நுரையீரல் பெரிதாக, செலவு குறைவாக உள்ள ஒருவருக்கு 29 என்பதும் இந்தக் கணக்குக்குள் அடங்கும்.

4 நவம்பர், மாலை

ஒரு வாசகர் கேட்டார்: இருப்பு எட்டு நிமிடத்துக்கு இருக்கும்போது நமக்கு ஏன் ஒரு நிமிடத்திலேயே மூச்சு முட்டுகிறது? மூச்சு முட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் ஆக்சிஜன் குறைவதன்று, கரியமில வாயு கூடுவது. ஹால்டேன், பிரீஸ்ட்லி என்ற உடலியல் அறிஞர்கள் 1905ஆம் ஆண்டிலேயே இதை நிறுவிவிட்டார்கள். நம் உடலில் ஆக்சிஜன் தீர்வதை நேரத்தில் உரக்கச் சொல்லும் மணி இல்லை; பெட்ரோல் அளவு காட்டும் முள் இல்லாத வண்டியை நாம் ஓட்டிக்கொண்டிருக்கிறோம். இதன் விளைவை அடுத்த குறிப்பில் விரிவாக எழுத வேண்டும். இந்த இழையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது அதுவே.

5 நவம்பர், இரவு

"முங்குவதற்கு முன் பத்துப் பதினைந்து தடவை வேகமாக மூச்சை இழுத்து விட்டால் உடம்பில் ஆக்சிஜன் நிறைந்துவிடும், ரெண்டு மடங்கு நேரம் அடக்கலாம்." இந்தக் கூற்றை ஒரு வாசகர் நல்லெண்ணத்தோடு இங்கே பதிந்திருக்கிறார். கிணற்றுமேட்டிலும் குளத்துப் படிக்கட்டிலும் நம் பையன்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொள்வதும் இதைத்தான். இதன் பின்பாதி மெய், முன்பாதி பொய். அதனால்தான் இது ஆளைக் கொல்லுகிறது.

ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் எப்போதுமே 97, 98 விழுக்காடு ஆக்சிஜனால் நிரம்பியிருக்கிறது. வேகமாக மூச்சு விட்டாலும் அங்கே ஏற்றுவதற்கு இடமில்லை. நடப்பது வேறு. இரத்தத்தில் வழக்கமாக 40 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் இருக்கும் கரியமில வாயு, இந்த வேக மூச்சினால் பாதியளவுக்கு இறங்கிவிடுகிறது. அது மறுபடியும் ஏறி "மேலே வா" என்று உடலை உந்துவதற்கு நீண்ட நேரம் பிடிக்கும். ஆக்சிஜனோ வழக்கமான வேகத்தில் தீர்ந்துகொண்டேயிருக்கும். எச்சரிக்கை வருவதற்கு முன்பே நினைவு தப்பும் எல்லை வந்துவிடுகிறது. திணறல் இல்லை, கையை உதறுவது இல்லை, கூச்சல் இல்லை. மேலிருந்து பார்ப்பவர்களுக்கு அவன் இன்னும் போட்டியில் நிலைத்து நிற்பதாகவே தோன்றும். நீருக்கடியில் நீந்தியபோது நினைவிழந்து பிழைத்தவர்களின் அனுபவங்களைத் திரட்டி ஆல்பர்ட் கிரெய்க் என்ற உடலியல் அறிஞர் 1961ஆம் ஆண்டு இதைத் தெளிவாக எழுதினார். முங்குவதற்கு முன் அவர்களில் பலரும் வேகமாக மூச்சு விட்டிருந்தார்கள். மேலே வர வேண்டும் என்ற அவசரம் தங்களுக்குத் தோன்றவேயில்லை என்று சொன்னவர்களும் உண்டு.

நீரின் ஆழம் சேர்ந்தால் ஆபத்து கூடுகிறது. பத்து மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்கு என்பதால், நுரையீரலில் மிஞ்சிய கொஞ்ச ஆக்சிஜனும் அங்கே போதுமானது போல வேலை செய்யும். மேலே ஏறும்போது அழுத்தம் பாதியாகக் குறைய, அந்த ஆக்சிஜனின் உந்துதலும் பாதியாகிவிடும். கடைசிச் சில மீட்டர்களில், கரையைக் கண்ட பிறகு, நினைவு தப்புவது இதனால்தான்.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில் பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் பம்புசெட் கிணற்றில் இப்படித்தான் அடியில் தங்கிவிட்டான். நீச்சல் தெரியாதவனல்லன், அந்தக் கூட்டத்திலேயே அவன்தான் தேர்ந்தவன். சித்தப்பா முறையுள்ள ஒருவர் சந்தேகப்பட்டுக் குதித்துத் தூக்கியதால் பிழைத்தான். பிறகு அவனிடம் கேட்டபோது, "ஒண்ணுமே கஷ்டமா இல்ல டீச்சர், நல்லாத்தான் இருந்துச்சு, அப்புறம் பாத்தா மேல கெடக்கேன்" என்றான். அந்த "நல்லாத்தான் இருந்துச்சு" என்பதை வகுப்பில் ஒவ்வோராண்டும் சொல்கிறேன். பயந்தவனையும் பலவீனமானவனையும் நீர் கொண்டுபோகும் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு, எச்சரிக்கையை அணைத்துவிட்டு இறங்குகிற தேர்ந்தவனுக்கும் அதே ஆபத்து உண்டு என்பது எளிதில் எட்டுவதில்லை.

7 நவம்பர், பிற்பகல்

வேறொரு வாசகர் நம் முத்துக்குளிப்பவர்களைக் கொண்டுவந்திருக்கிறார். மன்னார் வளைகுடாவில் நம் முன்னோர் ஏழு நிமிடம்வரை கடலடியில் இருந்ததாகவும், அந்த ஆற்றலை நாம் இழந்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். அவர் பெருமிதத்தில் எனக்கும் பங்குண்டு. ஆயினும் இந்தக் கூற்றை உரசிப் பார்ப்பதற்கு ஏட்டுச் சான்றுகள் நிறையவே இருக்கின்றன.

ஏழு நிமிடம் என்பது வெறும் வாய்மொழி அன்று. காரைக்காலைச் சேர்ந்த ஆப்பிரிக்கச் சிறுவன் ஒருவன் ஏழு நிமிடம் இருந்ததை 1797ஆம் ஆண்டு பார்த்ததாக லெ பெக் என்பவர் எழுதினார். ராபர்ட் பெர்சிவல் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரி, வழக்கமான நேரம் இரண்டு நிமிடத்துக்கு அதிகமில்லை என்று சொல்லிவிட்டு, சிலர் நான்கைந்து நிமிடம் இருந்ததாகவும், அதே 1797ஆம் ஆண்டு அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் முழுதாக ஆறு நிமிடம் இருந்ததாகவும் குறித்தார். ஒரே ஆண்டில் ஒரே வளைகுடாவில் இரண்டு வியப்புகள், இரண்டு வேறு எண்கள். குளிப்புக் காலத்தில் கரை முழுக்கப் பரவிய பேச்சு இவர்கள் காதிலும் விழுந்து எழுத்தில் ஏறியிருக்கலாம் என்பது என் கணிப்பு.

முத்துச்சிப்பிகள் விளையும் கடலடித் திட்டுகளான முத்துப்பார்களுக்குப் பல்லாண்டுகள் கண்காணிப்பாளராக இருந்த கேப்டன் ஸ்டூவர்ட் சொன்னது இதற்கு நேர் எதிரானது. எமர்சன் டென்னென்ட் 1859ஆம் ஆண்டு வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில் அவர் கூற்று பதிவாகியிருக்கிறது. எந்தக் குளியாளும் 87 விநாடிக்கு மேல் அடியில் இருந்து தாம் கண்டதில்லை. 13 பாகத்துக்கு மேல் யாரும் இறங்கியதில்லை. வழக்கமாக 9 பாகத் தண்ணீரில் 55 விநாடியைத் தாண்டுவது அரிது என்கிறார். ஒரு பாகம் ஆறடி என்றால் 9 பாகம் என்பது 16 மீட்டருக்கு மேல். பருவம்தோறும் தோணிகளுக்கு நடுவே நின்று பார்ப்பதையே வேலையாகக் கொண்டவரின் சொல் இது.

என்னை மிகவும் கவர்ந்தது இன்னும் பழைய சான்று. பதினேழாம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்த ரிபெய்ரோ என்ற போர்த்துக்கீசியர், இரண்டு விசுவாசப் பிரமாணம் சொல்லி முடிக்கிற நேரம் குளியாள் கடலுக்குள் இருப்பார் என்று எழுதினார். கத்தோலிக்க வாசகர்கள் தாமே ஓதிப் பார்க்கலாம். நிதானமாகச் சொன்னால் இரண்டு முறைக்கு ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் வரும். கையில் கடிகாரம் இல்லாத காலத்து மனிதர் ஜெபத்தால் அளந்த நேரமும், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் கழித்து இன்னொருவர் விநாடியில் சொன்ன நேரமும் பொருந்தி நிற்கின்றன.

7 நவம்பர், இரவு

மேலே எழுதியதைப் படித்துவிட்டு, "அப்படியானால் நம் ஆட்கள் வெறும் ஒரு நிமிடக்காரர்கள்தானா?" என்று வருத்தத்தோடு கேட்டிருக்கிறார் அதே வாசகர். அந்த ஒரு நிமிடத்தில் அவர்கள் செய்ததைப் பாருங்கள். கல்லில் காலை வைத்துக் கயிற்றோடு 16 மீட்டர் இறங்கி, கண்ணாடி இல்லாத வெறுங்கண்ணால் மங்கலாகத் தெரியும் பாரில் தடவிச் சிப்பிகளைப் பறித்துக் கூடையில் போட்டு, மேலே வந்து, சற்று இளைப்பாறி, மறுபடியும் இறங்கி, இப்படியே பகலெல்லாம். அசையாமல் கிடப்பவருக்குக் கால் லிட்டர் என்றால் உழைப்பவருக்கு ஆக்சிஜன் செலவு பன்மடங்கு. ஏழு நிமிடம் என்று ஏற்றிச் சொல்லாமலே அது போற்றத்தக்க வேலை.

8 நவம்பர்

சுறாவைக் கட்டும் கடல்கட்டிகளைப் பற்றிக் கேட்டவருக்கு: ஆம், அவர்கள் இருந்தார்கள்; மந்திரம் ஓதுபவர் கரையில் நிற்காமல் குளியாட்கள் இறங்க மறுத்தார்கள் என்று டென்னென்ட் எழுதுகிறார். அரசாங்கமே அவர்களுக்குப் படியளந்தது. சுறா கட்டுப்பட்டதா என்பது வேறு. பதற்றமுள்ள உடல் ஆக்சிஜனை அதிகம் செலவழிக்கும் என்பது மட்டும் உறுதி. நெஞ்சு படபடக்க இறங்குபவரைவிட நம்பிக்கையோடு இறங்குபவர் கூடுதலாகச் சில விநாடி நிலைப்பார்.

10 நவம்பர், காலை

கொரோனாக் காலத்தில் வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டிக்கொண்டு மூச்சடக்கிப் பார்த்த ஒருவர் புதிரொன்றைப் போட்டிருக்கிறார். அடக்கியிருந்தவரை எண் 98லேயே நின்றதாம். மூச்சை விட்டுச் சுவாசிக்கத் தொடங்கிய பிறகுதான் மளமளவென்று இறங்கியதாம். "மூச்சு விட்டதுதான் ஆக்சிஜனைக் குறைத்ததா?" என்கிறார்.

நானும் வீட்டில் உட்கார்ந்த நிலையில் இதைப் பார்த்திருக்கிறேன், அதுவேதான் நடக்கும். இரத்தம் நுரையீரலிலிருந்து இதயம் வழியாக விரல் நுனிவரை வருவதற்கு நேரம் ஆகிறது. கருவியும் சில விநாடிகளின் சராசரியைத்தான் காட்டுகிறது. திரையில் தெரியும் எண் நடந்து முடிந்த ஒன்றின் பதிவு. விரலில் 98 என்று இருக்கும்போதே நுரையீரலை விட்டுப் புறப்படும் இரத்தத்தில் குறைவு தொடங்கியிருக்கும்.

தொடக்கத்தில் எண் அசையாமல் நிற்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையது. நுரையீரலில் ஆக்சிஜன் அழுத்தம் கணிசமாகக் குறையும்வரை அதன் நிறைவு பெரிதாக மாறாது, ஓர் எல்லைக்குக் கீழே போனவுடன் சரிவு செங்குத்தாகிவிடும். மூச்சு முட்டும் உணர்வும் நம்பத்தகாத அளவுகோல், விரலில் தெரியும் எண்ணும் பிந்தி வரும் செய்தி என்றால், 5ஆம் தேதிக் குறிப்பில் எழுதிய அபாயம் எவ்வளவு மறைவானது என்பதை இதிலிருந்தும் உணரலாம்.

12 நவம்பர், இரவு

யோகிகள் நாடித்துடிப்பை நிறுத்துவதும் மண்ணுக்குள் புதைந்து கிடப்பதும் இழைக்குள் வந்துவிட்டன. மூச்சோடு தொடர்புள்ளவை என்பதால் எழுதுகிறேன்.

வெங்கர், பாக்ஷி, ஆனந்த் ஆகியோர் இந்தியாவில் பல யோகிகளை இசிஜி கருவியோடு சோதித்து 1961ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதில் தெளிவானது. மணிக்கட்டில் நாடி மறைந்தது உண்மை. மார்பில் வைத்த ஸ்டெதாஸ்கோப்பில் ஓசை கேட்காததும் உண்மை. இசிஜி தாளிலோ இதயம் துடித்துக்கொண்டேயிருந்தது. மூச்சை அடக்கிக் குரல்வளையை மூடி, மார்பையும் வயிற்றையும் இறுக்கி முக்கும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் ஏறுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைய, வெளியே போவதும் குறைந்து நாடி கைக்குத் தட்டுப்படாமல் போகிறது. இதய ஒலியைத் தசைகளின் இரைச்சல் மறைத்துவிடுகிறது. பார்த்தவர்கள் பொய் சொல்லவில்லை, செய்தவரும் ஏமாற்றவில்லை; கையால் தொட்டு முடிவு செய்த முறைதான் போதாது. இரத்தக்கொதிப்போ இதய நோயோ உள்ளவர்கள் இதைச் செய்து பார்க்கவே கூடாது.

காற்றுப் புகாத பெட்டி வேறு வகை. டெல்லி எய்ம்ஸில் ஆனந்த், சின்னா, பல்தேவ் சிங் ஆகியோர் ராமானந்த யோகியைப் பல மணி நேரம் அத்தகைய பெட்டியில் வைத்து அளந்தார்கள். அவருடைய ஆக்சிஜன் செலவு சாதாரண ஓய்வு நிலைக்கும் கீழே இறங்கியது. இது மெய்யான திறன், அளந்து கண்டது. ஆனால் பெட்டிக்குள் அவர் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருந்தார். 1926 ஆகஸ்ட் மாதம் நியூயார்க்கில் ஹூடினி என்ற மாயவித்தைக்காரர் மூடிய பெட்டிக்குள் நீச்சல்குளத்தடியில் 91 நிமிடம் இருந்துவிட்டு, தெய்வீக சக்தி எதுவும் வேண்டியதில்லை, பதறாமல் மெதுவாகச் சுவாசித்தால் போதும் என்றார். ஆள் படுத்தபின் 500 லிட்டர் காற்று மிஞ்சுகிற பெட்டி என்று வைத்துக்கொள்வோம். அதில் சுமார் 100 லிட்டர் ஆக்சிஜன். மணிக்கு 15 லிட்டர் செலவாகும்போது ஆக்சிஜன் தீர்வதற்கு முன்பே கரியமில வாயு மிகுந்து ஆளைச் சாய்க்கும்; அதற்கும் சில மணி நேரம் பிடிக்கும். "ஒரு மணி நேரம் காற்றில்லாமல் இருந்தார்" என்று சுவரொட்டி சொன்னால், "பெட்டி எவ்வளவு பெரியது?" என்று கேட்பதே முதல் வேலை.

15 நவம்பர்

முத்துக்குளிப்பைப் பற்றிய 7ஆம் தேதிக் குறிப்போடு சேர்த்துப் படிக்க வேண்டியவை சில.

ஒன்று, ஆறு நிமிடம் என்பது மனித உடலுக்கே எட்டாத எண் அன்று. அசையாமல், முகத்தை நீரில் வைத்தபடி கிடப்பதற்குப் பயின்றவர்கள் இன்று அதைத் தாண்டுகிறார்கள். முகத்தில் குளிர்ந்த நீர் பட்டவுடன் இதயத் துடிப்பு மெதுவாகும். கை கால்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இருப்பை மூளைக்கும் இதயத்துக்கும் ஒதுக்கும். சீல்களிலும் வாத்துகளிலும் வலுவாக உள்ள இந்த அனிச்சைச் செயல் நம்மிடமும் ஓரளவு இருக்கிறது. ஆகவே அஞ்சுதெங்குக்காரர் யாரோ பந்தயத்துக்காகக் கயிற்றைப் பிடித்து அசையாமல் நின்றிருந்தால், பெர்சிவல் எழுதியதைப் பொய் என்று ஒதுக்க உடலியல் இடம் தராது. அன்றாடக் குளிப்பின் அளவு அது என்று சொன்னால்தான் பொய்யாகும்.

இரண்டு, உழைக்கும் குளியாட்கள் எங்கும் ஒரே மாதிரிதான். கொரியாவில் கடலில் முங்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் ஹேன்யோ பெண்களை ஹாங், ரான் ஆகிய அறிஞர்கள் 1960களில் ஆராய்ந்தார்கள். அவர்கள் பெரும்பாலும் அரை நிமிடத்தை ஒட்டிய முங்கல்களாக மணிக்கணக்கில் வேலை செய்தார்கள். நீளமாக ஒரு முறை அடக்குவதில் கூலி இல்லை, பல முறை இறங்கி ஏறுவதில்தான் கூலி.

மூன்று, பரம்பரை ஆற்றல் என்ற கேள்வி. இதற்கு நல்ல சான்று இந்தோனேசியாவின் பஜாவ் மக்களிடம் கிடைத்திருக்கிறது. 2018ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பக்கத்தில் வாழும் சலுவான் என்னும் விவசாய மக்களைவிடப் பஜாவ் மக்களின் மண்ணீரல் ஏறக்குறைய 50 விழுக்காடு பெரிதாக இருந்தது. மூச்சடக்கும்போது மண்ணீரல் சுருங்கித் தன்னிடம் உள்ள சிவப்பணுக்களை ஓட்டத்தில் விடும். அது பெரிதாக இருந்தால் கூடுதல் இருப்பு. முங்கப் போகாத பஜாவ் மக்களுக்கும் அது பெரிதாகவே இருந்ததால் பயிற்சி மட்டும் காரணமாக முடியாது. பிடிஈ10ஏ என்ற மரபணுவின் ஒரு வடிவத்தோடு தொடர்பு கண்டார்கள். அந்த மக்கள் கடலை நம்பியே பல நூறு ஆண்டுகள் வாழ்ந்தவர்கள். நம் கடலோரக் குளியாட்களிடமும் அப்படி ஏதும் உண்டா என்பதை அளந்தால்தான் சொல்ல முடியும். அளக்கத் தகுந்த கேள்வி அது.

18 நவம்பர், மாலை

ஆழத்தைப் பற்றிச் சுருக்கமாக. 30 மீட்டருக்குக் கீழே நெஞ்சுக்கூடு நொறுங்கிவிடும் என்பது இன்று பொய். ஒரு காலத்தில் கற்றறிந்தவர்களின் கணக்கு அது. 6 லிட்டர் நுரையீரல் நான்கில் ஒன்றாகச் சுருங்கும் ஆழம் 30 மீட்டர், அதற்கு மேல் விலா எலும்பு இடம் கொடுக்காது என்பது அவர்கள் வாதம். எழுத்தில் குறையில்லாத கணக்கு.

1968ஆம் ஆண்டு ராபர்ட் கிராஃப்ட் என்ற அமெரிக்கக் கடற்படையினர் 73 மீட்டர் இறங்கினார். அவரைச் சோதித்த ஷேஃபர் குழுவினர், கை கால்களிலிருந்து இரத்தம் நெஞ்சுக்குள் வந்து நிரம்பி, காற்று சுருங்கிய இடத்தை எடுத்துக்கொள்வதைக் கண்டார்கள். 1976ஆம் ஆண்டு எல்பாத் தீவருகே ழாக் மயோல் 100 மீட்டரைத் தொட்டார். 2007ஆம் ஆண்டு ஹெர்பர்ட் நிட்ச் எடையோடு 214 மீட்டர் இறங்கித் திரும்பினார். 2012இல் அதையும் தாண்ட முயன்றபோது நைட்ரஜன் குமிழிகளால் மூளை பாதிக்கப்பட்டுப் படுத்த படுக்கையாகி, மெல்ல மெல்லத்தான் மீண்டார். "முடியாது" என்ற கணக்கு பொய்த்ததால் "எல்லையே இல்லை" என்ற கணக்கு மெய்யாகிவிடுவதில்லை.

19 நவம்பர்

நான்கு நிமிட விதிக்கு விலக்கே இல்லையா என்று கேட்டவருக்கு: உண்டு, குளிர். 1999ஆம் ஆண்டு நார்வேயில் பனிச்சறுக்கில் விழுந்து உறைந்த ஓடையின் பனிக்கட்டிக்கு அடியில் 80 நிமிடம் சிக்கிய அன்னா போகென்ஹோல்ம் என்ற மருத்துவரின் உடல் வெப்பம் 13.7 பாகைக்கு இறங்கியிருந்தது. முதல் 40 நிமிடம் அவருக்குக் காற்று இருந்த இடைவெளி கிடைத்தது. பிறகு இதயம் நின்றது. அதற்குள் மூளை குளிர்ந்து அதன் தேவை மிகவும் சுருங்கிவிட்டிருந்ததால் அவர் பிழைத்து மீண்டும் மருத்துவமனை வேலைக்குத் திரும்பினார். நம் ஊர்க் கிணற்று நீருக்கும் கண்மாய் நீருக்கும் அந்தக் குளிர் கிடையாது. அங்கே முங்கியவரைத் தூக்கியவுடன் வாயோடு வாய் மூச்சும் மார்பு அழுத்தமும் தொடங்க வேண்டும். தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதிலும் வயிற்றை அமுக்குவதிலும் பொன்னான நேரம் போகிறது.

23 நவம்பர், இரவு

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் சிலரை எனக்குத் தெரியும். என்னிடம் படித்த பிள்ளைகளின் தாய்மார்கள். கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டிக்கொண்டு பாறைகளுக்கிடையே முங்குகிறார்கள். வேகமாக மூச்சு விட்டுவிட்டு இறங்கும் வழக்கம் உண்டா என்று இந்த இழைக்காகவே அவர்களில் ஒருவரிடம் கேட்டேன். "அதெல்லாம் எதுக்கு டீச்சர்? ஒரு மூச்சு இழுப்போம், முங்குவோம். நெஞ்சு அடைச்சா கையில பாசி இருந்தாலும் இல்லாட்டியும் மேல வந்துருவோம். பக்கத்துல நம்ம ஆளு ஒருத்தி எப்பவும் இருப்பா, தலை தெரியலன்னா சத்தம் போடுவா" என்றார்.

5ஆம் தேதிக் கூற்றைப் பதிந்த வாசகர் இன்று மறுபடியும் எழுதியிருக்கிறார். தம் மகனும் அவன் நண்பர்களும் விடுமுறையில் கிணற்றில் போட்டி வைப்பதை நிறுத்த முடியாது. ஆக்சிமீட்டரை மாட்டிவிட்டால் பாதுகாப்பாகுமா என்று கேட்கிறார். ஆகாது. ஈரத்திலும் குளிரிலும் அசைவிலும் அது சரியாகக் காட்டாது, காட்டினாலும் பிந்தித்தான் காட்டும். அந்தப் பெண் சொன்னதையே செய்யச் சொல்லுங்கள்: இறங்குவதற்கு முன் வழக்கமான மூச்சு, கடைசியில் நிதானமாக ஒன்று, அவ்வளவுதான். நெஞ்சு அடைத்தவுடன் மேலே வர வேண்டும். ஒருவன் முங்கும்போது நன்றாக நீந்தத் தெரிந்த இன்னொருவன் தண்ணீரிலேயே நின்று அவனை மட்டும் பார்க்க வேண்டும். மேலே வந்த பிறகும் அரை நிமிடம் கண்ணை எடுக்கக் கூடாது, ஏனெனில் முதல் மூச்சு இழுத்த பிறகு அந்த ஆக்சிஜன் மூளைக்குப் போய்ச் சேருவதற்குள்ளேகூட நினைவு தப்புவதுண்டு.